எதிர்வீட்டு விழுப்புரம்

தலையில் மதுரை, உடம்பில் நெகமம், தோளில் பவானி, காலில் மட்டும் ஸ்போர்ட்ஸ் ஷூ. காலை எட்டரைக்கு இப்படி லிஃப்டுக்காகக் காத்து நிற்கும் பெண் உங்கள் அடுக்ககத்திலும் இருப்பாள். ஷூவுக்கு மட்டும் ஊர் சொல்ல மாட்டாள். அது ஆம்பூரில் தைத்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் அவள் கணக்கில் ஆம்பூர் என்றால் பிரியாணி. பெரும்பாலும் ஓர் ஊருக்கு ஒரு பொருள்தான் ஒதுக்கீடு.

பாய், பூட்டு, முறுக்கு, சேலை என்று பொருளின் பெயரைச் சொல்லித்தான் நாமெல்லாம் காலம் தள்ளுகிறோம். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அந்த வழக்கம் கிடையாது. எந்தப் பொருளையும் அது பிறந்த ஊரின் பெயரால்தான் கூப்பிடுவாள். திருவான்மியூரில் ஒற்றைப் படுக்கையறை வீடு. தனியாள். பறக்கும் ரயிலில் போய் வருகிற கணினி வேலை. வீட்டுக்குள் நுழைந்தால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு.

முதல் முறை போனபோது எனக்கு இது தெரியாது. "வாங்க அங்கிள், பத்தமடையில உக்காந்தா முதுகு வலிக்கும், பவானியை விரிக்கிறேன்" என்றாள். விரித்த பிறகுதான் ஜமக்காளம் என்று தெரிந்தது. உட்கார்ந்தேன். காபி வந்தது. கையில் வாங்கியதும் சூடு தாங்கவில்லை. "கும்பகோணத்தை அப்படியே ஆத்தங்குடி மேல வச்சிடுங்க" என்றாள். எது எதன் மேல் என்று புரியாமல் டவராவைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். வாடகை வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதிக்க முடியாது என்பதால், இரண்டே இரண்டு கல் வாங்கிவந்து சூடான பாத்திரம் வைக்கத் தரையில் போட்டிருக்கிறாள். பூப்போட்ட அந்தக் கல்லைக் காலால் தள்ளிவிட்டுத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அலமாரியிலிருந்து தஞ்சாவூர் என்னைப் பார்த்துத் தலையாட்டியது. நானும் பதிலுக்கு ஆட்டினேன். "மணப்பாறை எடுத்துக்கோங்க. வேணாம்னா கோவில்பட்டி இருக்கு." முறுக்கையே எடுத்துக்கொண்டேன். ஒரு காபி குடித்து எழுவதற்குள் ஆறு மாவட்டங்களைத் தொட்டிருந்தேன். பஸ் டிக்கெட் மட்டும்தான் வாங்கவில்லை.

இந்தப் பழக்கத்துக்குச் சட்டமும் உடந்தை. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி, 2003-இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. அதன் பிறகு நம் மாநிலத்தில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட பொருள்கள் ஊர்ப்பெயரோடு பதிவாகியிருக்கின்றன. இந்தியா முழுமைக்குமான பதிவகம் எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? நம்ம கிண்டியில். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கோயில் கோபுரத்தைக் கண்ட மாதிரி ஒரு கணம் நிற்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மற்றவர்களுக்குப் பிறந்தநாள், திருமணநாள் நினைவிருக்கும். இவளுக்குக் குறியீடு கிடைத்த வருஷங்கள். அதிலும் 2019 பொற்காலம். பழனி பஞ்சாமிர்தம், திண்டுக்கல் பூட்டு, காரைக்குடி கண்டாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எல்லாம் அந்த ஒரே வருஷத்தில். 2020 ஏப்ரலில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கொரோனா எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குக் குறியீடு வந்ததை இவள் ஒருத்தியாவது கைதட்டி வரவேற்றிருப்பாள்.

"உன் சொந்த ஊர் எதும்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விழுப்புரம் அங்கிள்."

"அங்க என்ன விசேஷம்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். முகம் வாடிவிட்டது. "ஜங்ஷன்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயர் விழுப்புரம். அவள் மற்றதற்கெல்லாம் செய்வதை நாங்கள் அவளுக்குச் செய்கிறோம், அவ்வளவுதான்.

நல்ல செய்தி சொல்லும்வரை இந்தப் பேச்சு வேடிக்கையாகத்தான் இருக்கும். கெட்ட செய்தி சொல்லும்போதுதான் தொல்லை. ஓரிரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினாள். வியர்த்து வழிகிறது. "ஆன்ட்டி, திண்டுக்கல் மாட்டிக்கிச்சு!" என் மனைவியின் சித்தப்பா மகளைக் கொடுத்திருப்பது திண்டுக்கல்லில். யார், எங்கே, எதில் மாட்டிக்கொண்டார்கள் என்று மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார, அவள் ஒரு சாவியை நீட்டுகிறாள்.

விஷயம் இதுதான். வீட்டுக்காரர் கதவில் வைத்துக் கொடுத்திருந்த பூட்டுக்கு ஊர் இல்லை. ஆகவே இவள் ஒரு மாங்காய்ப் பூட்டு வாங்கி மாட்டினாள். கையால் செய்தது, கனமானது, பார்க்கவும் லட்சணமானது. கள்ளச்சாவிக்கு மசியாது என்பது அதன் பெருமை. அன்று அது நல்ல சாவிக்கும் மசியவில்லை. மார்க்கெட்டிலிருந்து சாவிக்காரரைக் கூட்டிவந்தோம். அவர் பூட்டைக் கையில் ஏந்தி எடை பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு மரியாதையுடன் தொங்கவிட்டார். "இத நான் தொட மாட்டேன் சார். நாதாங்கியத்தான் அறுக்கணும்." அன்றிரவு விழுப்புரம் எங்கள் வீட்டில் படுத்தாள். காலையில் நாதாங்கியை அறுத்தார்கள். பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை. கதவுதான் போயிற்று. வீட்டுக்காரர் வந்து கத்தியபோது, அந்தப் பூட்டின் தரத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று அவரிடமே கேட்டாள்.

அடுத்தது ஈயச்சொம்பு. ரசம் வைக்கிறவர்களுக்குத் தெரியும்: புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். உள்ளே ரசம் இருக்கிறவரை சூடு நூறைப் பெரிதாகத் தாண்டாது, சொம்பும் பிழைத்துக்கிடக்கும். இதை எனக்கு விளக்கிச் சொன்னதே அவள்தான். ஆனால் அடுப்பில் சொம்பை வைத்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து அழைப்பு. கேமராவை அணைத்துவிட்டுச் சமைக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். பேச்சு சுவாரசியத்தில் அடுப்பைப் பற்றவைத்தது நினைவிருந்தது, புளியைக் கரைத்து ஊற்றியது நினைவில்லை, ஏனென்றால் ஊற்றவே இல்லை. பத்து நிமிஷத்தில் எங்கள் வாசலில்.

"ஆன்ட்டி, கும்பகோணம் உருகிடுச்சு."

திண்டுக்கல்லைப் பார்த்துவிட்ட என் மனைவி இந்தத் தடவை எழுந்திருக்கவே இல்லை. "மகாமகக் குளமாவது மிச்சமிருக்கா?" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. மதுரை சாயம் விட்டுக் காரைக்குடியெல்லாம் சிவப்பானது. பத்தமடையை எலி கடித்தது. சேலம் பாதி ஊறியும் பாதி ஊறாமலும் பாயசத்தில் மிதந்தது. ஒரு மழைக்காலத்தில் மணப்பாறை நமுத்தேபோனது. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் அத்தை, காது கொஞ்சம் மந்தம், இதையெல்லாம் கேட்டுவிட்டுப் புயல் எப்போது கரையைக் கடந்தது என்று விசாரித்தார்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஓர் அம்மா இருப்பார் அல்லவா? இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை விழுப்புரத்திலிருந்து ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு ரயிலேறி வருவார். கட்டியிருப்பது சிந்தெடிக். அலசிப்போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம், இருபது வருஷம் கிழியாது. மகள் அதை ஊரில்லாச் சேலை என்று சொல்வாள். போன முறை வந்தபோது கூடத்தின் நடுவில் ஒரு பித்தளை அண்டா. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பேரம் பேசி வாங்கிவந்திருக்கிறாள். அதற்குள் மண் நிரப்பி ஒரு செடி.

அம்மா அண்டாவை ஒரு சுற்று சுற்றிவந்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, இதே மாதிரி உங்க பாட்டியோடது ரெண்டு இருந்துச்சே. எடைக்குப் போட்டுட்டுத்தானே எவர்சில்வர் குடம் வாங்கினேன்."

"அதான்மா தப்பு."

"இதுக்கு எவ்வளவு குடுத்தே?"

பாதி விலையைச் சொன்னாள். அதற்கே அம்மா பவானி மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பிறகு என் மனைவியிடம் தனியாகச் சொன்னாராம்: "புளி போட்டுத் தேச்சுத் தேச்சு எனக்கு மணிக்கட்டு போச்சு. அந்தச் சனியனைத் தலைமுழுகின அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். இவ காசு குடுத்து வாங்கி வந்திருக்கா." இப்போதும் அந்த அண்டாவைத் துலக்குவது மகள் இல்லை. வேலைக்கு வரும் அக்கா பித்தளைக்குத் தனி ரேட் கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம். பழைய காலத்தை யார் வாங்கினாலும் தேய்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

எங்கள் காவலாளி ஒடிசாக்காரர். தமிழ்நாட்டின் பூகோளம் அவருக்குத் தெரிந்ததெல்லாம் விழுப்புரத்துக்கு வரும் பார்சல் வழியாகத்தான். "மேடம், நெகமம் வந்திருக்கு. சின்னாளப்பட்டி நாளைக்கு" என்று இன்டர்காமில் சொல்வார். ஒருநாள் பார்சலைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இருப்பது சம்பல்புரி என்று இவள் சொன்னதும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தன் ஊர் பர்கட் பக்கம் என்றார். அப்பா நெய்தவர். மாமாக்கள் நெய்தவர்கள். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

பிரித்தாள். அவர் சேலையின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முந்தானையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். ஒரே பார்வை. "மேடம், இது பிரிண்ட்" என்றார்.

நூலிலேயே முடிச்சுப்போட்டுச் சாயமேற்றிப் பிறகு நெய்வதால் உண்மையான சம்பல்புரிக்கு இரண்டு பக்கமும் ஒரே முகம். மேலே அச்சடித்த துணிக்குப் பின்பக்கம் வெளுத்திருக்கும். இந்தச் சேலை பின்பக்கம் வெளுத்துத்தான் கிடந்தது. கைத்தறி பற்றி அடுக்ககம் முழுக்கப் பாடம் எடுத்தவள் வாயே திறக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உங்களுக்கு நெய்யத் தெரியுமா?"

தெரியும் என்றார். தெரிந்தும் ஏன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சம்பளம் இதில்தான் மாதாமாதம் வருகிறது என்று சொல்லியிருப்பார். நெய்கிற குடும்பத்துப் பிள்ளை பார்சலைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறான். உள்ளே யாரோ எங்கோ அடித்த அச்சு, அவன் ஊரின் பெயரில் விற்கிறது. சட்டம் போட்டுப் பதிவகமும் வைத்த பிறகும், ஊரின் பெயரைவிட ஊர்க்காரனுக்கு மதிப்புக் குறைவாக இருக்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். அன்று சேலையைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு எந்தப் பார்சல் வந்தாலும் கீழேயே பிரித்து அவரிடம் காட்டுகிறாள். அவர் பின்பக்கம் புரட்டித் தலையாட்டினால்தான் அது மாடிக்கு வரும். போன மாதம் சொன்னார் என்று கடையை விட்டுவிட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே நேராக வாங்கினாள்.

இவளைக் கிண்டல் செய்வது எளிது. ஆனால் சித்திரை வெயிலில் நான் டெரிகாட்டன் சட்டைக்குள் வெந்துகொண்டிருக்கும்போது, கஞ்சி போட்ட பருத்தியில் அவள் காற்றாட நடந்துபோவதைப் பார்க்கிறேனே. என் மனைவிக்கு ஜுரம் வந்தபோது மிளகு ரசம் கொண்டுவந்தாள். எவர்சில்வரில்தான். ஞாயிறு மாலைகளில் இரண்டு பேரும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய், மணலில் ஒரு துண்டு பவானியை விரித்து, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வருகிறார்கள். சுண்டல் எந்த ஊர் என்று விற்கும் பையனைக் கேட்டிருக்கிறாள். "வண்ணாந்துறை" என்றானாம், பக்கத்துத் தெருவைக் காட்டி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சுண்டலுக்கும் ஊர் வந்துவிட்டது. அவள் சம்பளத்தில் பாதி இப்படித் தறிக்கும் பட்டறைக்கும் போய்ச் சேர்கிறது. என் சம்பளத்தில் பாதி எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டேன். இனி என் குறையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மண்பானைதான். மிக்ஸி கிடையாது. ஒரு சின்ன அம்மி இருக்கிறது, அதன் மேல் புத்தகம் இருக்கிறது. வாஷிங் மெஷின் கிடையாது. "தேவைகளைக் குறைச்சுக்கிட்டா போதும் அங்கிள்" என்பாள். தேவைகளைக் குறைத்துக்கொண்டாள், உண்மை. குறைத்த தேவைகளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அவளுடைய தோசை மாவு, மேல்தட்டில் அவளுடைய தயிர், கதவில் நாளைக்குத் தலையில் வைக்க வேண்டிய மதுரை, வாழை இலையில் சுற்றி. சனிக்கிழமை காலை எங்கள் மிக்ஸியில் அவளுடைய சட்னி. கைத்தறியை மட்டும் கையால் துவைப்பாள். போர்வையும் ஜீன்ஸும் எங்கள் மெஷினுக்கு வரும். போன வாரம் வாசலில் நின்று கேட்கிறாள்: "அங்கிள், ஸ்ரீபெரும்புதூர்ல கொஞ்சம் இடம் இருக்கா?" புரியாமல் விழித்தேன். எங்கள் ஃபிரிட்ஜ் அங்கே தயாரானது. பின்பக்கம் ஒட்டியிருந்த சீட்டை எப்போதோ படித்துவைத்திருக்கிறாள்.

நம் மாநிலத்தில் இரண்டு மாதக் கணக்கில் குறிப்பிட்ட யூனிட் வரை மின்சாரம் இலவசம். அவளுக்கு அதற்குள் முடிந்துவிடுகிறது. பில் பூஜ்யம். கைப்பேசியில் அதை என் மனைவியிடம் காட்டி, "எளிமையா வாழ்ந்தா இவ்ளோதான் ஆன்ட்டி" என்கிறாள். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணமே வேறு கணக்கு. நாங்கள் தாண்டிவிட்டோம். அவளுடைய எளிமைக்கு எங்கள் மீட்டர் ஓடுகிறது. இரண்டு பில்லையும் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் நியாயம் என்று தாளில் கணக்குப் போட்டு மனைவியிடம் காட்டினேன்.

அவள் தாளைப் பார்க்கவே இல்லை. பொங்கலுக்கு விழுப்புரம் அவளுக்கு ஒரு சேலை வாங்கித் தந்திருக்கிறது. "கணக்கு கிடக்கட்டும், நெகமத்தை இஸ்திரிக்குக் குடுத்தீங்களா இல்லையா?" என்றாள்.